நால்வரும் ஒரே வாசல் வழியே

ஞாயிறு

1982 ஜூலை 25. அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். தெற்குப் பிரான்சின் பால் ரிக்கார் தடத்தில் பிரெஞ்சு கிராண்ட் பிரி நடந்த நாள். முடிவுப் பட்டியலின் முதல் நாலு வரியில் இருக்கும் பெயர்கள்: ரெனே ஆர்னூ, அலென் ப்ரோஸ்ட், டிடியே பிரோனி, பாட்ரிக் தாம்பே. முதல் இருவர் ரெனோ, அடுத்த இருவர் ஃபெராரி. நாலு பேரும் பிரெஞ்சுக்காரர்கள்.

அன்றைய சண்டையைத்தான் ரசிகர்கள் இன்றும் பேசுகிறார்கள். அணியின் ஏற்பாட்டின்படி ப்ரோஸ்டுக்கு வழிவிட வேண்டிய ஆர்னூ விடாமலே போய் ஜெயித்துவிட்டார். அந்தச் சண்டை எந்த அணியிலும் வரக்கூடியது. வியக்க வேண்டியது வேறு. இந்த நால்வரும் இளம் வயதில் ஒரு போட்டித் தேர்வில் முதலாவதாக வந்து, அதன் பரிசாகப் பந்தயக் காரில் உட்கார்ந்தவர்கள். தாம்பே 1971-இல், பிரோனி 1972-இல், ப்ரோஸ்ட் 1975-இல் எல்ஃப் எண்ணெய் நிறுவனத்தின் தேர்வில் வென்றார்கள். ஆர்னூ 1972-இல் ஷெல் நிறுவனத்தின் தேர்வில் வென்றவர்.

எண்ணெய் நிறுவனங்கள் பணம் போட்டன. பிள்ளைகளைத் தயார் செய்தது வின்ஃபீல்ட் ஓட்டுநர் பள்ளி. மைக் நைட், ரிச்சர்ட் நைட் என்ற சகோதரர்கள் நடத்திய அந்தப் பள்ளிக்கு மான்யி-கூரிலும் பால் ரிக்காரிலும் வகுப்புகள் இருந்தன. வருடக் கடைசியில் தேறியவர்களுக்குள் இறுதிச் சுற்று நடக்கும். வென்றவருக்கு அடுத்த பருவம் முழுக்கக் கார், டயர், மெக்கானிக் என்று எல்லாச் செலவும் கிடைக்கும். எல்ஃப் என்ற பெயரே 1967-இல்தான் பிறந்தது. அந்தப் புதுப் பெயரை ஊரறியச் செய்யும் பொறுப்பிலிருந்த பிரான்சுவா கிதே, விளம்பரப் பலகையோடு நிற்காமல் பிள்ளைகளிலும் பணத்தைப் போட்டார். அந்த முதலீடு என்ன தந்தது என்பதற்கு அந்த நாலு வரிப் பட்டியலே போதும்.

திங்கள்

கார்ட் என்ற குட்டிப் பந்தய வண்டியில் பட்டம் வாங்கிய பிள்ளைக்குக் கார் ஓட்டுவது சுலபம்தானே என்று பலர் கேட்பதுண்டு. பாதி உண்மை.

கார்ட்டுக்கு சஸ்பென்ஷன் கிடையாது. சட்டமே வளைந்து நெளிந்து ஸ்பிரிங்கின் வேலையைச் செய்யும். பின் சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் இறுகக் கோத்தவை. இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். வளைவில் உள்பக்கச் சக்கரம் குறைந்த தூரம் ஓட வேண்டும், ஆனால் அதால் முடியாது. ஆகவே ஓட்டுபவர் ஸ்டீயரிங்கை வெடுக்கென்று வெட்டி, அந்தச் சக்கரத்தைத் தரையிலிருந்து லேசாகத் தூக்கவைக்க வேண்டும். ஏழெட்டு வயதிலிருந்து பழகிய பிள்ளைக்கு இது மூச்சு விடுவது போல. சிறுவர் பிரிவுகளில் பெரும்பாலும் கியர் இல்லை, பிரேக் பின்னால் மட்டும்.

காரில் அதே வெட்டை வெட்டினால் முன் டயர் பிடி விட்டுத் தேயும். பிரேக்கை மிதித்ததும் காரின் எடை முன்னால் வந்து குவிகிறது. அந்த எடை மூக்கைவிட்டு நழுவாதபடி, காலை மெல்ல மெல்லத் தளர்த்திக்கொண்டே வளைவுக்குள் நுழைய வேண்டும். நடுவில் கிளட்ச், கியர். பத்து வருடம் கையும் இடுப்பும் படித்த பாடத்தில் பாதியை மறக்க வேண்டியிருக்கிறது. மறப்பதற்குத் தடத்தில் நாட்கள் வேண்டும். ஒவ்வொரு நாளும் டயரையும் பணத்தையும் தின்னும். ஐரோப்பாவில் ஒரு ஃபார்முலா 4 பருவத்துக்கு ஆகும் செலவு நம் கணக்கில் கோடிகளில் நிற்கிறது. கார்ட்டிலிருந்து இறங்கும் இடத்தில்தான் எத்தனையோ நல்ல பிள்ளைகள் காணாமல் போகிறார்கள்.

ப்ரோஸ்ட் அப்படிக் காணாமல் போகவில்லை. குடும்பத்தோடு விடுமுறைக்குப் போன இடத்தில் பதினாலு வயதில் முதன்முதலாகக் கார்ட்டில் உட்கார்ந்த பையன் அவர். 1975-இல் பால் ரிக்காரில் தேர்வை வென்றார். பரிசாகக் கிடைத்த 1976 ஃபார்முலா ரெனோ பருவத்தில் ஒரே ஒரு பந்தயம் தவிர எல்லாவற்றையும் ஜெயித்தார். பிறகு நாலு உலகப் பட்டங்கள், 51 கிராண்ட் பிரி வெற்றிகள்.

செவ்வாய்

தேர்வில் தோற்றவர்களைப் பற்றியும் எழுத வேண்டும். அந்தப் பக்கம்தான் அதிகம் யோசிக்கவைக்கிறது.

1966-இல் ஷெல் தேர்வை வென்றவர் பிரான்சுவா செவேர். பரிசு ஓர் ஆல்பீன் ஃபார்முலா 3 கார். அவரிடம் தோற்றவர்களில் ஒருவர் பாட்ரிக் தெபாயே. பன்னிரண்டு வருடம் கழித்து, 1978-இல், மொனாக்கோ கிராண்ட் பிரியை வென்றார் தெபாயே.

1983-இல் பால் ரிக்காரில் எல்ஃப் தேர்வு. கார்ட்டில் பல பட்டங்கள் வாங்கியிருந்த எரிக் பெர்னார் வென்றார். தோற்றவர்களில் ஷான் அலெசி இருந்தார், பெர்ட்ராண்ட் காஷோவும் இருந்தார். மூவருமே ஃபார்முலா 1 வரை போனார்கள். பெரிய பெயர் யாருக்குக் கிடைத்தது என்று எந்த ரசிகரைக் கேட்டாலும் அலெசி என்றுதான் பதில் வரும். ஃபெராரியில் ஐந்து பருவம் ஓட்டியவர். 1995-இல் தன் பிறந்தநாளன்றே கனடாவில் ஜெயித்தவர்.

பெர்னாருக்கும் ஒரு நாள் வந்தது. 1994 ஜூலை 31, ஜெர்மனியின் ஹாக்கன்ஹைம். முதல் வரிசையிலிருந்து கிளம்பிய அலெசியின் ஃபெராரி மின்கோளாறால் ஒரு சுற்றுகூட முடிக்காமல் நின்றுபோனது. புறப்பட்ட சில நொடிகளிலேயே மோதல்கள், கிட்டத்தட்ட அரைக்கூட்டம் காலி. கெர்ஹார்ட் பெர்கர் வென்றார். அவருக்குப் பின்னால் இரண்டு நீல லிஜியே கார்கள்: இரண்டாவது ஒலிவியே பானிஸ், மூன்றாவது எரிக் பெர்னார். பானிஸும் கார்ட்டிலிருந்து வந்தவர், 1987-இல் அதே எல்ஃப் தேர்வை வென்றவர். ஒரே வாசல் வழியே நாலு வருட இடைவெளியில் நுழைந்த இருவர் ஒரே மேடையில் நின்றார்கள். பெர்னார் தன் ஃபார்முலா 1 வாழ்க்கையில் ஏறிய மேடை அது ஒன்றுதான்.

புதன்

இந்தத் தேர்வுகளில் ஸ்டாப்வாட்ச் எதை அளக்கிறது? எல்லோருக்கும் ஒரே கார், ஒரே டயர், எண்ணிக் கொடுத்த சுற்றுகள். அப்பாவின் பணப்பை தேர்வு நடக்கும் அந்த ஒரு மணி நேரத்துக்கு வெளியே நிற்கிறது. இதைவிட நியாயமான ஏற்பாடு மோட்டார் பந்தயத்தில் வேறெதுவும் இல்லை.

ஆனால் அந்த ஒரு மணி நேரத்துக்கு வந்துசேரும் வரை பணப்பை கூடவேதான் வந்திருக்கிறது. கார்ட்டிலேயே எஞ்சின், டயர், பயணம் என்று வீட்டைக் கரைத்தவர்கள்தான் வரிசையில் நிற்கிறார்கள். கார்ட் வாங்க முடியாத வீட்டுப் பிள்ளையை இந்த ஸ்டாப்வாட்ச் பார்த்ததே இல்லை.

வியாழன்

1992. எல்ஃப் வின்ஃபீல்ட் பள்ளிக்கு ஒரு கோயம்புத்தூர்ப் பையன் போய்ச்சேர்ந்தான். வயது பதினைந்து. பெயர் நாராயண் கார்த்திகேயன். அப்பா ஜி. ஆர். கார்த்திகேயன் தென்னிந்திய ராலியைப் பலமுறை வென்றவர். ஊரில் எஸ். கரிவரதன், மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைக் கார்களைக் கட்டிக்கொண்டிருந்தார். ஓடத் தடமும் புதிதாக இருந்தது, சென்னைக்குப் பக்கத்தில் ஸ்ரீபெரும்புதூரில். ஒரு பையனுக்கு இவ்வளவும் கூடிவந்தது பெரும் பேறு.

எல்ஃப் தேர்வில் நாராயண் அரையிறுதி வரை போனார். வெல்லவில்லை, கார் கிடைக்கவில்லை. திரும்பி வந்து ஸ்ரீபெரும்புதூரில் ஓட்டினார். பிறகு பிரிட்டன், 1994-இல் ஃபார்முலா ஃபோர்டு குளிர்காலத் தொடரில் பட்டம். 1996-இல் ஃபார்முலா ஆசியா பட்டம். 2005 மார்ச்சில் மெல்போர்னில் ஜோர்டன் காரில் ஃபார்முலா 1-க்குள் நுழைந்த முதல் இந்தியரானார். அரையிறுதியில் நின்றுபோன பையனுக்கு இதற்கெல்லாம் பதின்மூன்று வருடம் பிடித்தது. அந்த இடைவெளி முழுவதும் ஸ்பான்சர் தேடி அலைந்த காலம்.

2011-இல் ஃபோர்ஸ் இந்தியா என்ற ஃபார்முலா 1 அணி நாடு முழுக்கக் கார்ட் பிள்ளைகளைச் சோதித்து மூவரைத் தேர்ந்தெடுத்தது: அர்ஜுன் மைனி, ஜெஹான் தாருவாலா, தருண் ரெட்டி. மைனி ஃபார்முலா 2 வரை போனார். தாருவாலா 2020-இல் அந்தப் பிரிவில் பந்தயமே வென்றார். ஒருமுறை வலை வீசியதற்கே இவ்வளவு மீன். ஆண்டுதோறும் வீசியிருந்தால் என்ற ஏக்கம் இதை எழுதும்போது விடமாட்டேன் என்கிறது. பிரான்சில் இருபது வருடத்துக்கு மேல் விடாமல் வீசினார்கள்.

வெள்ளி

அமெரிக்காவில் இப்படி வலை வீசத் தொடங்கியவர் ஒரு பத்திரிகையாளர் என்பது எழுதுகிறவர்களுக்குத் தனி மகிழ்ச்சி. ஜெரமி ஷா 1990-இல் ஆரம்பித்த டீம் யுஎஸ்ஏ உதவித்தொகையின் முதல் ஆள் ஜிம்மி வாசர். 1996-இல் அவர் இண்டி கார் தொடரின் சாம்பியன். 2008-இல் கார்ட்டிலிருந்து வந்த ஜோசப் நியூகார்டன் இந்த உதவியோடு இங்கிலாந்துக்குப் போய், பிராண்ட்ஸ் ஹாட்சின் ஃபார்முலா ஃபோர்டு திருவிழாவில் தன் பிரிவை வென்றார். 2023, 2024 இரண்டு வருடமும் இண்டியானாபொலிஸ் 500 அவருடையது.

அதே உதவித்தொகையில் 2016-இல் போன இருவருமே ஃபுளோரிடா மாநிலத்தின் ஜூபிட்டர் என்ற சிற்றூர்க்காரர்கள், கார்ட் பிள்ளைகள்: ஆலிவர் ஆஸ்க்யூ, கைல் கர்க்வுட். அதே டிசம்பரில் மஸ்டா நிறுவனம் லகூனா செக்கா தடத்தில் முதல்முறையாக ஒரு தேர்வு நடத்தியது. பரிசு 2 லட்சம் டாலர். ரொக்கமாக அல்ல, யுஎஸ்எஃப்2000 தொடரில் அடுத்த பருவத்துக்கான இருக்கையாக. ஆஸ்க்யூ வென்றார், 2017-இல் அந்தத் தொடரையும் வென்றார்.

இந்த அமெரிக்க ஏணியின் சிறப்பு, அடுத்தடுத்த படியிலும் பணம் காத்திருப்பது. ஒரு தொடரின் சாம்பியனுக்கு மேல் தொடரில் ஓட்ட உதவித்தொகை. 2019-இல் இண்டி லைட்ஸ் பட்டத்தை ஆஸ்க்யூ வென்றபோது அந்தப் பரிசின் மதிப்பு 11 லட்சம் டாலர். கர்க்வுட் 2018, 2019, 2021 என்று யுஎஸ்எஃப்2000 முதல் இண்டி லைட்ஸ் வரையிலான மூன்று படிகளையும் சாம்பியனாகவே ஏறினார். மூன்றையும் வென்ற ஒரே ஆள். 2023-இல் லாங் பீச்சில் இண்டி கார் பந்தயத்தையும் ஜெயித்தார்.

முதல் படிக்கு மட்டும் பணம் கொடுத்துவிட்டுக் கை கழுவும் போட்டிகள் உலகில் நிறைய. ஒரு பருவம் முடிந்ததும் பிள்ளை மறுபடி நடுத்தெருவில். படி இருந்தால் போதாது, ஏணி வேண்டும் என்பதற்கு இந்த ஜூபிட்டர் பையன்கள் சாட்சி.

சனி

பழைய பால் ரிக்கார் மறுபடி வருகிறது. 2020-இல் உலக மோட்டார் சம்மேளனமும் ஃபெராரி பயிற்சி மையமும் சேர்ந்து பெண் பிள்ளைகளுக்கென்று நடத்திய தேர்வின் முதல் கட்டங்கள் அங்கேதான் நடந்தன. கார்ட்டிலும் ஃபார்முலா 4 காரிலும் சோதனை. கடைசியில் இத்தாலியின் மரனெல்லோவுக்குப் போனவர்கள் நால்வர்: ஜூலியா அயூப், அந்தோனெல்லா பசானி, டோரியான் பின், மாயா வேக்.

2021 ஜனவரியில் முடிவு வந்தது. 16 வயது மாயா வேக் வென்றார். ஃபெராரி பயிற்சி மையத்தில் சேர்ந்த முதல் பெண் அவர். அந்த வருடமே இத்தாலிய ஃபார்முலா 4-இல் கார் தயாராக நின்றது.

டோரியான் பின் வெறுங்கையோடு திரும்பினார் என்றுதான் பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். அந்தச் சோதனையில் அவர் ஓட்டியதை மறக்காதவர்கள் இருந்தார்கள். அயர்ன் லிங்க்ஸ் அணி அழைத்துக்கொண்டது. 2022-இல் ஃபெராரி சேலஞ்ச் ஐரோப்பியத் தொடரில், அதே ஃபெராரி குதிரைச் சின்னம் பொறித்த காரில், முதன்மைப் பிரிவின் பட்டத்தை வென்றார்.

2025 நவம்பர், லாஸ் வேகாஸ். பெண்களுக்கான எஃப்1 அகாடமி தொடரின் கடைசிச் சுற்று. மெர்சிடிஸ் நிறத்தில் டோரியான் பின், ஃபெராரி நிறத்தில் மாயா வேக். பட்டத்துக்கான போட்டி இருவருக்குள். மரனெல்லோவில் ஒன்றாகச் சோதனைக்கு நின்று ஐந்து வருடம் ஆகிறது. முடிவுப் பட்டியலில் முதல் பெயர் டோரியான் பின். இரண்டாவது பெயர் மாயா வேக்.