அப்பா கைதட்டிய கோல்

2016 ஜனவரி 3, திருவனந்தபுரம். தெற்காசியக் கால்பந்துக் கோப்பையின் இறுதியாட்டம். 70ஆம் நிமிடத்தில் ஆப்கானிஸ்தானின் சுபைர் அமீரி கோல் அடித்ததும் எங்களைச் சுற்றியிருந்த இந்திய ரசிகர்கள் ஊமையானார்கள். ஒருவர் மட்டும் எழுந்து நின்று கைதட்டினார். என் அப்பா.

திண்டுக்கல்லில் தோல் ஷாப்புத் தொழிலாளி அவர். டி. செல்வராஜின் ‘தோல்’ நாவலைப் படித்தவர்களுக்கு அந்த வாழ்க்கையை நான் விளக்க வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மலைக்கோட்டை அடிவாரத்தில் வெறுங்காலோடு பந்தாடியவர். தோற்கும் அணிகளின் மேல் அவருக்குத் தீராத பிரியம்.

1993இல் லாகூரில் நான்கே நாடுகளோடு தொடங்கிய போட்டி இது. 2023 வரை நடந்த 14 போட்டிகளில் இந்தியா 9 முறை வென்றிருக்கிறது. சுவாரசியமெல்லாம் மிச்சமுள்ள ஐந்தில்தான் என்பேன். 1995இல் கொழும்பில் கூடுதல் நேரத்தில் விழுந்த ஒற்றைக் கோலால் இலங்கை இந்தியாவை வீழ்த்தியது. 2003இல் டாக்காவில் வங்கதேசம். 2008இல் மாலத்தீவு, எங்கள் மாவட்டத்து மக்கள்தொகையில் கால்பங்குகூட இல்லாத நாடு! 2013இல் காத்மாண்டுவில் ஆப்கானிஸ்தான் 2-0 என இந்தியாவை வென்றபோது, போரில் நொந்த காபூலின் தெருக்களில் மக்கள் திரண்டு கொண்டாடினார்கள். அந்தச் செய்தியை அப்பா நாளிதழிலிருந்து கத்தரித்து வைத்திருந்தார். திருவனந்தபுரத்துக்கு என்னை இழுத்துச் சென்றதும் அதுதான்.

பக்கத்து இருக்கை இளைஞர்கள் முறைத்தார்கள். நான் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். கல்லூரியில் புறநானூறு நடத்துகிறவன், பகைவன் வீரத்தையும் பாடிய புலவர்களைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவன், அன்று வெட்கப்பட்டேன். இரண்டே நிமிடத்தில் ஜேஜே சமன் செய்தார். கூடுதல் நேரத்தில், 101ஆம் நிமிடத்தில், சுனில் சேத்ரி வெற்றிக் கோலை அடித்தார். அதற்கும் அப்பா எழுந்து கைதட்டினார். இம்முறை யாரும் முறைக்கவில்லை.

இரவு ரயிலில் கேட்டேன், ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று. “அம்புட்டுத் தூரத்துல இருந்து வந்து அடிச்சிருக்கான். தட்டாம என்னடா?” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “அடுத்த தடவை இவனுக ஜெயிப்பானுக, பாரு” என்றார். ஆப்கானிஸ்தான் மத்திய ஆசியக் கூட்டமைப்புக்குப் போகிறது, இதுவே அவர்களுக்குக் கடைசித் தெற்காசியக் கோப்பை என்பது எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

அடுத்த போட்டி 2018 செப்டம்பரில் டாக்காவில் நடந்தது. இறுதியாட்டத்தில் மாலத்தீவு இந்தியாவை 2-1 என வென்றது. அதைப் பார்க்க அப்பா இல்லை. முடிவை மறுநாள் நாளிதழில்தான் பார்த்தேன். உள்பக்கத்தில், சின்னதாகப் போட்டிருந்தார்கள். கத்தரித்து அவருடைய பழைய தாளோடு வைத்திருக்கிறேன்.