தொட்டி இறால்களும் மகளின் கேள்வியும்



எங்கள் வீட்டுக் கூடத்தில் 3 அடி நீளமும், ஒன்றரை அடி அகலமும், அதே உயரமும் கொண்ட மீன்தொட்டி ஒன்று இருக்கிறது. ஏறத்தாழ 190 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். சென்னை கொளத்தூரின் வண்ணமீன் கடைகளில் ஒன்றில் வாங்கிய இரண்டு ஏஞ்சல் மீன்கள் அதில் வாழ்கின்றன. என் உம்மாவுக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. "மலக்குமாருடைய பெயரை மீனுக்கு வைப்பார்களா?" என்று கேட்டுவிட்டு, அன்றிலிருந்து அவற்றைத் 'தட்டை மீன்' என்றே அழைத்து வருகிறார். வீட்டில் இப்போது எல்லோருக்கும் அதுவே பெயராகிவிட்டது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் மகள் அதே கடைத்தெருவில் ஒரு சிறு தொட்டியின் முன்னால் நின்றுவிட்டாள். உள்ளே செர்ரி இறால்கள். விரலின் ஒரு கணு அளவே இருக்கும், நல்ல சிவப்பு. பாசியின் மேல் அமர்ந்து முன்கால்களால் எதையோ பொறுக்கிப் பொறுக்கி வாயில் இட்டுக்கொண்டே இருந்தன. 20 இறால்கள் வாங்கினோம். தொட்டியில் மீன்கள் இருப்பதைச் சொன்னதும், "செடி வைத்திருந்தால் போதும்" என்றார் கடைக்காரர். செடி இருந்தது, நான்கு தண்டு.

மறுநாள் ஃபஜ்ர் தொழுகைக்கு எழுந்தபோது விளக்கைப் போட்டுப் பார்த்தேன். வடிகட்டியின் பின்னால் மூன்று ஒண்டியிருந்தன. மஃரிபுக்குள் அவையும் இல்லை. மகள் அப்போது அழவில்லை. தொட்டியின் முன் அமர்ந்து நெடுநேரம் பார்த்திருந்துவிட்டு, "வாப்பா, அவற்றை நாம்தானே உள்ளே விட்டோம்? நமக்குப் பாவம் இல்லையா?" என்று கேட்டாள்.

"மீன் இறாலைத் தின்பது அல்லாஹ் ஏற்படுத்திய இயற்கை, மகளே" என்று சொல்லிவிட்டு நான் எழுந்து போய்விட்டேன்.

அந்தப் பதில் என்னைப் பல நாள் உறுத்திக்கொண்டிருந்தது. காரணம் எளியது. ஏஞ்சல் மீனின் தாயகம் தென்னமெரிக்காவின் அமேசான் ஆற்றுப் படுகை. இந்த இறாலின் தாயகமோ தைவான், சீனா ஆகிய நாடுகளின் நன்னீர் ஓடைகள். அல்லாஹ் படைத்த உலகில் இவ்விரண்டும் ஒன்றையொன்று கண்டிருக்கவே வழியில்லை. அவற்றைச் சந்திக்க வைத்தவன் நான். ஓடையில் துரத்தப்படும் இறாலுக்குக் கல்லிடுக்கும் சேறும் வேரும் உண்டு. ஓடிக்கொண்டே இருக்க ஓடையும் உண்டு. இங்கே நான்கு பக்கமும் கண்ணாடி. அந்தக் கண்ணாடியை நிறுத்தியவனும் நான்தான். இதில் எதை இயற்கை என்று சொல்வது?

பூனையைக் கட்டிவைத்த பெண்ணைப் பற்றிய நபிமொழியை நாம் எல்லோரும் ஜும்ஆ பயான்களில் கேட்டிருக்கிறோம். அவள் பூனையை அடித்ததாகவோ வெட்டியதாகவோ அதில் இல்லை. தானும் தீனி கொடுக்கவில்லை, தானாக இரை தேடிக்கொள்ள அவிழ்த்து விடவும் இல்லை என்பதே அவள் மீதான குற்றம். நான் அதை எப்போதும் பட்டினி போட்ட கதையாகவே கேட்டு வந்திருக்கிறேன். இறால்கள் போன பிறகுதான் அதில் அடைத்து வைத்தலும் இருக்கிறது என்பது உறைத்தது. அடைத்து வைத்தவர் மீது, அடைபட்ட உயிர் இழந்த வழிகள் அனைத்தும் கடனாகி நிற்கின்றன.

எங்கள் மஹல்லா இமாமிடம் தயங்கியபடிதான் இதைச் சொன்னேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. மீனுக்கு வேறு தீனி உண்டா என்று கேட்டார். உண்டு என்றேன். இறாலுக்கு ஒளிய இடம் உண்டா என்றார். இல்லை என்றேன். வேறு தீனி இருக்கும்போது ஓர் உயிரை வேடிக்கைக்காக இன்னோர் உயிரின் முன்னால் போடுவதைத் தாம் விரும்பமாட்டேன் என்றும், உயிர்களை வளர்ப்பதே தவறு என்று மகளிடம் சொல்லிவிட வேண்டாம் என்றும் கூறினார். பிறகு அபூ உமைரை நினைவூட்டினார். அனஸ் (ரலி) அவர்களின் தம்பியான அந்தச் சிறுவன் ஒரு குருவி வளர்த்தான். அது இறந்து அவன் வாடியிருந்தபோது, அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்கள் அவனைப் பெரியவர்களைப் போலப் பட்டப்பெயரிட்டு அழைத்து, அந்தக் குருவியைப் பற்றி விசாரித்தார்கள். ஷாஃபிஈ மத்ஹபின் அறிஞர் இப்னுல் காஸ் (ரஹ்) இந்த ஒரு ஹதீஸிலிருந்து அறுபது பயன்களை எடுத்துத் தனி நூலே எழுதியிருக்கிறார் என்று இமாம் சொன்னார். எனக்கு அறுபதும் தேவைப்படவில்லை. அவர்கள் நின்றார்கள், விசாரித்தார்கள். நான் எழுந்து போய்விட்டேன்.

அன்றிரவு மகளிடம், "உன் இறால்களை நான்தான் ஒழுங்காகக் கவனிக்கவில்லை" என்றேன். அப்போதுதான் அவள் அழுதாள்.

மீண்டும் வளர்ப்பது என்று முடிவானபோது வீட்டில் ஒரு பழைய வழக்கும் எழுந்தது. நான் கடற்கரை ஊர்க்காரன், ஷாஃபிஈ. இறால் இல்லாத வாரம் எங்கள் வீட்டில் அரிது. என் மனைவியின் குடும்பம் ஹனஃபி. இறால் மீன் வகையைச் சேர்ந்ததா, இல்லையா என்பதில் ஹனஃபி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. என் மாமியார் பேணுதலாக அதைத் தொடுவதே இல்லை. "குழம்புக்கும் ஆகாத இறாலுக்கு இவ்வளவு சேவகமா?" என்று உம்மா ஒருபுறம் கேட்க, "ஆகாததால்தானே வளர்க்கிறார்கள்" என்று மாமியார் மறுபுறம் சொல்ல, வழக்கு அத்துடன் தள்ளுபடியானது.

இம்முறை மீன்களோடு விடவில்லை. தனித் தொட்டியில் 15 இறால்களை விட்டு நான்கு மாதம் காத்திருந்தோம். அந்த நான்கு மாதங்கள்தாம் என் மகளுக்கும் எனக்கும் உண்மையான கல்வி. இறால் வளர வளர அதன் ஓடு வளர்வதில்லை. ஆகவே ஓட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிய ஓடு கெட்டிப்படும்வரை எங்காவது ஒளிந்திருக்கும். கண்ணும் மீசையும் காலுமாக அப்படியே கிடக்கும் வெற்று ஓட்டைப் பார்த்து, ஒன்று இறந்துவிட்டதென்று முதல்முறை இருவரும் ஏமாந்தோம். அந்த ஓட்டை எடுத்து எறியக் கூடாது. அதிலுள்ள சுண்ணாம்புச் சத்துக்காக இறால்களே அதைத் தின்றுவிடும். முதிர்ந்த பெண் இறால் ஓடு கழற்றிய சில மணி நேரத்தில், தண்ணீரில் பரவும் ஏதோ ஒரு வாடையை அறிந்து ஆண் இறால்கள் எல்லாம் தொட்டி முழுக்க விரைந்து நீந்தித் தேடும். அதன்பின் பெண்ணின் வயிற்றுக்கடியில் இருபது, முப்பது முட்டைகள் கொத்தாகத் தெரியும். அவற்றைத் தன் நீந்துகால்களால் ஓயாமல் விசிறிக்கொண்டே இருக்கும். காற்றோட்டமும் தூய்மையும் இல்லாவிட்டால் முட்டையில் பூஞ்சை பிடித்துவிடும். தண்ணீரின் வெப்பத்தைப் பொறுத்து மூன்று, நான்கு வாரங்கள் இந்த விசிறல். கடல் இறாலைப் போல இவற்றுக்கு இளவுயிரிப் பருவம் கிடையாது. பொரிந்து வருவதே ஓர் எள்முனை அளவிலான முழு இறால்.

எள்முனை அளவு என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. ஏஞ்சல் மீனை விடுங்கள், சாதுவான கப்பி மீனே அதை விழுங்கிவிடும்.

இறால்கள் நூறைத் தாண்டிய பிறகு பெரிய தொட்டியைத் திருத்தினோம். ஒரு மூலையில் கைப்பிடி அளவுக் கற்களைக் குவித்து, இடுக்குகளில் ஒரு மீனின் மூக்கு நுழையாதபடி அமைத்தோம். அதன்மேல் ஜாவா பாசியை நூலால் கட்டி அடர்ந்து வளரவிட்டோம். உறிஞ்சும் வடிகட்டியை அகற்றிவிட்டுக் காற்றுக்குழாயில் ஓடும் ஸ்பாஞ்ச் வடிகட்டியை வைத்தோம்; குஞ்சுகள் அதில் இழுபடாது, அதன் மேல் ஊர்ந்தும் மேயலாம். பள்ளிவாசல் முற்றத்தில் பெரிய பாதாம் மரம் ஒன்று நிற்கிறது. ஃபஜ்ருக்குப் பின் அதன் காய்ந்த சருகுகளைப் பொறுக்கி வந்து, கழுவித் தொட்டியில் போடுவது மகளுடைய பொறுப்பு. ஊறிய சருகின் மேல் வழுவழுப்பாகப் படியும் படலமே குஞ்சு இறால்களின் முதல் உணவு. சருகின் அடியே அவற்றுக்குக் கூரை.

மீன்களுக்குத் தீனி இருவேளை, தொட்டியின் மறு கோடியில். பசித்த மீன்தான் கல்லிடுக்கைச் சுற்றி வரும். விளக்கணைத்தபின் ஏஞ்சல் மீன் அசையாமல் நின்றுவிடும், இறால்கள் வெளியே வரும். ஆகவே இஷாவுக்குப் பின், வேகவைத்த கீரையில் ஒரு துண்டு அவற்றுக்கு. சென்னையின் கோடையில் தண்ணீர் சூடேறினால் அதில் கரைந்திருக்கும் காற்றும் குறைந்துவிடும் என்பதால், மே மாதம் முழுக்கத் தொட்டியின் மேற்பரப்பில் ஒரு சிறு விசிறி ஓடும். எங்களுக்கே விசிறி போதாத மாதம் அது. மனைவி ஒன்றும் சொல்லவில்லை, பார்த்தாள்.

இவ்வளவும் செய்தபின் மீன்கள் இறாலைத் தின்னவில்லையா என்றால், தின்றன. பாசியை விட்டு வெகுதூரம் வந்த குஞ்சுகள் போயின. ஆனாலும் போனதைவிடப் பிறந்தது அதிகம். ஓராண்டில் பாசியை விரலால் விலக்கினால் சிவப்புப் பொறிகளாய்ச் சிதறும் அளவுக்குப் பெருகியிருந்தன. பூமியில் உள்ள உயிர்கள் அனைத்தும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்ற பொருள்படும் அன்ஆம் அத்தியாயத்தின் 38ஆம் வசனத்தை நான் ஓதும்போதெல்லாம், யானை, எறும்பு, பறவைக் கூட்டம் என்றுதான் மனத்தில் ஓடும். இப்போது அந்த மூலையும் சேர்ந்துகொள்கிறது.

இனிச் சொல்லப்போவதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன்.

சென்ற மழைக்காலத்தில் மீன்களின் உடலில் உப்பைத் தூவியது போல வெண்புள்ளிகள் தோன்றின. வெண்புள்ளி நோய் வேகமாகப் பரவக்கூடியது. அவசரமாக ஒரு புட்டி மருந்து வாங்கி வந்து, இஷாவுக்கு முன் அளவு பார்த்துச் சொட்டுச் சொட்டாக விட்டேன். அளவு சரியாகத்தான் இருந்தது. அந்த மருந்தில் காப்பர் சல்பேட் இருந்தது. மீன் தாங்கும் செம்பை இறால் தாங்காது. இது நான் அறியாத செய்தியும் அல்ல. இறால் வளர்ப்போர் முதலில் கற்கும் பாடங்களில் இதுவும் ஒன்று. மறுநாள் ஃபஜ்ர் வேளையில் இறால்கள் கல்லைவிட்டு வெளியே வந்து, நீர்மட்டத்துக்கும் தரைக்குமாக வெறிபிடித்தாற்போல் நீந்திக்கொண்டிருந்தன. வாளிகளில் தண்ணீர் மாற்றினேன். நேரம் கடந்துவிட்டது. ளுஹருக்குள் எல்லாம் மணலில் கிடந்தன. நூறுவரை எண்ணினேன், பிறகு எண்ணவில்லை. மீன்கள் ஓராண்டில் தின்றதைவிட அதிகமானவற்றை ஓர் இரவில் நான் கொன்றிருந்தேன். மீன்களுக்கு நோய் குணமாயிற்று.

அறியாமல் நடந்தது என்று சிலர் ஆறுதல் சொன்னார்கள். புட்டியில் எழுதியிருந்தது; படிக்க எனக்குக் கண் இருந்தது. தவ்பா செய்தேன். அதற்குமேல் அந்தக் கணக்கு அவனிடம் இருக்கிறது.

பள்ளியிலிருந்து வந்த மகளிடம் இம்முறை நானே உட்கார்ந்து சொன்னேன். அவள் பாவமா என்று கேட்கவில்லை. தன் அறைக்குப் போய், சன்னலோரம் இருந்த 5 லிட்டர் கண்ணாடி ஜாடியைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தாள். வகுப்பில் தோழியருக்குக் காட்டுவதற்காகச் சில வாரங்களுக்கு முன் பிரித்து வைத்திருந்தாளாம். 11 இறால்கள். அவற்றில் ஒன்று முட்டை சுமந்திருந்தது.

தொட்டியின் மணலையும் கற்களையும் முற்றிலும் மாற்றினேன். கரியிட்டு வடிகட்டினேன். பலமுறை தண்ணீர் மாற்றினேன். ஆயினும் மூன்று மாதம் கழித்துத்தான், அவள் அனுமதித்த பின்புதான், ஜாடியிலும் பிறகு தனித் தொட்டியிலும் பெருகியவற்றை அதில் விட்டோம். இப்போதைய கூட்டம் அந்தப் பதினொன்றின் வழித்தோன்றல்கள். முன்போல அடர்சிவப்பு இல்லை. வெளிறியவையும் பழுப்பேறியவையும் கூடிவருகின்றன. பளிச்சென்று தெரிபவை முதலில் மீனின் கண்ணில் படுவதால் இருக்கலாம். நல்ல சிவப்பில் புதிதாகப் பத்து வாங்கிக் கலந்துவிடுமாறு கடைக்காரர் சொல்கிறார். மகள் மறுத்துவிட்டாள். "இவைதாம் நம்முடையவை" என்கிறாள். எனக்கென்னவோ சிவப்பு ஆசை இன்னும் போகவில்லை.

நேற்று இஷாவுக்குப் பின் அவள் கைவிளக்கோடு பாசியின் முன் மண்டியிட்டிருந்தாள். முட்டை சுமந்தவை ஐந்து என்று எண்ணிச் சொன்னாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவள் முகம். அந்தப் பக்கம், கல்லிடுக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி, துடுப்புகளை மெல்ல அசைத்தபடி பெரிய தட்டை மீன்.

"வாப்பா, இதற்கு இன்று இரண்டாம் வேளைத் தீனி போட்டீர்களா?" என்று திரும்பாமலே கேட்டாள்.

போடவில்லை. டப்பாவை எடுத்துவரப் போனேன்.