சிறுமலையின் சுவைக்கனி

திண்டுக்கல் என்றதும் பூட்டும், புகையிலையும், சுங்குடிச் சேலையும், பிரியாணியும் பலர் நினைவில் எழும். ஆனால் இந்நகருக்கு வேறொரு பெருமையும் உண்டு. அது நகரில் விளைவதன்று. மலையில் விளைந்து நகரின் சந்தைக்கு இறங்கி வருவது. அதுவே சிறுமலை வாழைப்பழம்.

மலைக்கோட்டைப் பாறையின்மேல் நின்று நோக்கினால், வறண்ட செம்மண் சமவெளிக்கு அப்பால் நீலத்திரையென நீண்டு கிடக்கிறது சிறுமலை. நகரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தொலைவு. 18 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறவேண்டும். கீழே வெயில் தகிக்கும் வேளையிலும் மேலே இளங்குளிர் நிலவும். அங்கே காப்பி, மிளகு, எலுமிச்சை ஆகியவற்றினிடையே, மழைநீரை மட்டுமே நம்பி இவ்வாழை வளர்கிறது. பாதையற்ற தோட்டங்களிலிருந்து தார்களைச் சுமந்து வருபவை குதிரைகள். அந்நன்றியை மறவாது, பொங்கல் நாட்களில் குதிரைகளை நீராட்டி அலங்கரித்துச் சிறப்பிப்பது அம்மலை மக்களின் வழக்கம்.

இப்பழத்தைச் சுவைப்பதற்கும் ஒரு பொறுமை வேண்டும். சந்தையில் பழம் விற்கும் மூதாட்டி ஒருவரிடம், மஞ்சளாய்ப் பளபளத்த சீப்பொன்றை நான் கையிலெடுத்தபோது அவர் தடுத்தார். “சாமி, இதை இன்னும் நாலு நாள் வச்சிருந்து சாப்பிடுங்க. தோல் கறுத்துச் சுருங்கணும். அப்பத்தான் மலைப்பழம்” என்றார். அவ்வாறே செய்தேன். மேற்தோல் கறுத்து வாடியது. உள்ளேயோ அழுகலின் சுவடே இல்லை. சதை நீர்த்துப் போகாமல் வெண்ணெய்போல் இறுகியிருந்தது. முதலில் மெல்லிய புளிப்பு, அதன்பின் தேனின் இனிப்பு, இறுதியில் நெடுநேரம் நாவில் நிற்கும் நறுமணம். நீர்ப்பதம் குறைந்த இத்தன்மையினாலன்றோ, இதன் உடன்பிறப்பான விருப்பாச்சிப் பழத்தோடு சேர்த்து, பழனிப் பஞ்சாமிர்தத்திற்கு இதனை விரும்பித் தேடுகின்றனர்!

இத்தகைய கனி இன்று அரிதாகிவிட்டதேன்? முடிக்கொத்து நோய் என்னும் நச்சுயிரி நோயே பெருங்காரணம். வாழைப்பேன் என்னும் சிறு பூச்சியும், நோயுற்ற பக்கக் கன்றுகளும் இதனைப் பரப்புகின்றன. இலைகள் குறுகி, உச்சியில் கொத்தாய் நெருங்கி நிற்கும். அம்மரம் பெரும்பாலும் தார் ஈனுவதில்லை. மருந்தில்லை, வேரோடு களைந்தெறிவதே வழி. ஒருமுறை நட்டால் தலைமுறைக் கணக்கில் கன்றீன்று பயன்தந்த தோட்டங்கள் இவ்வாறு அழிந்தன. பழனி மலையின் கீழ்ச்சரிவுகளில் 1970களில் சுமார் 18,000 எக்டேர் பரப்பிலிருந்த மலைவாழை, பின்னர் சுமார் 2,000 எக்டேராகச் சுருங்கிற்று. சிறுமலையும் இத்துயரத்திற்குத் தப்பவில்லை. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழக அறிஞர்கள் திசு வளர்ப்பு முறையில் நோயற்ற கன்றுகளை உருவாக்கி அளித்ததனாலேயே இவ்வினம் மீண்டும் தளிர்த்தது. விருப்பாச்சி, சிறுமலை ஆகிய இரண்டிற்கும் 2008-09 அளவில் புவிசார் குறியீடும் கிடைத்தது.

அரிய பொருளுக்கு ஓர் ஆபத்து உண்டு. பெல்ஜியம் நாட்டில், வெஸ்ட்விளீட்டரன் என்னுமிடத்துத் துறவு மடத்தில், துறவியர் 1838 முதல் கரிய நிறப் பீர் ஒன்றும் உள்ளிட்ட பானங்களை வடித்து வருகின்றனர். மடத்தின் தேவைக்கு மிஞ்சி வடிப்பதில்லை என்பது அவர்களது உறுதி. அதனாலேயே உலகெங்கும் அதற்கு ஏக்கம். ஆனால் வாங்கியவர்கள் பன்மடங்கு விலைக்கு மறுவிற்பனை செய்யவே, அதைத் தடுக்கும் பொருட்டு 2019இல் துறவியர் விற்பனை முறையையே மாற்ற நேர்ந்தது. உழைத்தவன் ஒருவன், ஊதியம் பெறுபவன் வேறொருவன் என்னும் நிலையை அவர்கள் ஏற்கவில்லை.

நம் மலை உழவனுக்கு அத்தகைய காவல் ஏது? சமவெளியில் விளைந்ததையும் “சிறுமலை” என்று கூவி விற்பார் உளர். உண்மைப் பழத்தின் கறுத்த தோலைக் கண்டு, கெட்டுவிட்டதென்று ஒதுக்குவாரும் உளர். இவ்விரண்டினாலும் நட்டமடைபவன், மலையில் நோயோடும் மழையின்மையோடும் போராடும் அவ்வுழவனே. விலை கட்டுப்படியாகாவிடில் அவன் வேறு பயிருக்கு மாறுவான். அப்போது குறியீட்டுச் சான்றிதழ் மட்டும் எஞ்சும், பழம் எஞ்சாது.

ஆகவே, வாசக அன்பர்களே, திண்டுக்கல் வழியே செல்ல நேரும்போது, ஒரு சீப்பேனும் கேட்டு வாங்குங்கள். எத்தோட்டத்துப் பழமென்று விசாரியுங்கள். நியாயமான விலைக்குப் பேரம் பேசாதீர்கள். வீட்டிற்குச் சென்று தோல் கறுக்கும்வரை காத்திருந்து, பிள்ளைகளுக்கும் பகிர்ந்தளியுங்கள். இச்சுவையை அறிந்து கேட்கும் நாவுகள் உள்ளவரை, அதை விளைவிக்கும் கைகளும் சோர்ந்து போகா.