வண்டிக்கும் ஓர் இடம்

வாசுதேவநல்லூரிலிருந்து வேளாங்கண்ணிக்கு வேனில் புறப்படும்போதெல்லாம் எங்கள் உறவினர் விடுதி அறையைப் பற்றியே பேசுவர். வண்டி இரவில் எங்கே நிற்கும் என்று எவரும் கேட்பதில்லை. ஆகஸ்டு 29-இல் கொடியேறி, செப்டம்பர் 8, மாதாவின் பிறப்பு விழா வரை நீளும் நாள்களில் இரண்டுமே அரிது.

அவ்வாண்டு மதுரை, தஞ்சை, நாகை வழியாகப் போய்ச் சேர்கையில் இருட்டிவிட்டது. பேராலயத்தை நெருங்குமுன்பே காவலர் வேறு வழி காட்டினார். ஒரு தென்னந்தோப்பில் இடமிருந்தது. பேரம் பேசினேன், அதற்குள் வேறொரு வண்டி நுழைந்துவிட்டது. கடற்கரையோரம் வெற்றிடம் கண்டபோது பெரியம்மா இறங்க மறுத்தார். 2004 டிசம்பர் 26 காலையில் அந்தக் கரையில் நின்ற திருப்பயணிகள் பலரை அலை கொண்டுபோனதை அவர் மறந்தாரில்லை.

மூன்றாம் முறை சுற்றியபோது ஓட்டுநர் மெல்லச் சொன்னார்: “அண்ணாச்சி, நீங்க நாளைக்கு வேன்லயே தூங்கிக்கிடலாம். நான் இன்னைக்குத்தான் தூங்கணும்.”

பதினான்கு உயிர்கள் அவரது உறக்கத்தை நம்பியிருப்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. (பேரம் பேசிய வாய் அதன்பின் திறக்கவில்லை.)

ஊருக்கு வெளியே ஒரு வீட்டு முற்றத்தில், கேட்ட பணத்தைக் கொடுத்து நிறுத்தினோம். வேனின் நீள இருக்கையை ஓட்டுநருக்கு விட்டு, வெளியே பாய் விரித்தோம். நள்ளிரவில் குழந்தை அழுதது. ஓட்டுநர் விழித்துவிடலாகாதென்று பெரியம்மா அதைத் தோளிலிட்டுத் தெருக்கோடிவரை நடந்தார்.