வாயிலைத் திறந்தவர்கள்

மார்ச் 8 வந்துவிட்டால் நம் மகளிர் கல்லூரிகள் விழாக்கோலம் பூண்டுவிடுகின்றன. கோலப்போட்டி, பட்டிமன்றம், கலைநிகழ்ச்சி எனப் பகற்பொழுது இனிதே கழிகின்றது. மாணவியர் மகிழ்ந்திருப்பது கண்டு மகிழாதார் யார்? எனினும், இவ்வளாகத்தினுள் பெண் அடியெடுத்து வைக்க வழிசெய்தவர் யார், அதற்கு அவர்கள் கொடுத்த விலை என்ன என்று அன்று கேட்பார் அரியர். வேரை மறந்து பூவை மட்டும் கொண்டாடலாமா?

வேலூரை எண்ணிப் பார்ப்போம். 1890 வாக்கில் திண்டிவனத்தில், ஒரே இரவில் மூன்று வீடுகளிலிருந்து மருத்துவர் ஜான் ஸ்கடரின் மகள் ஐடாவைத் தேடி ஆள் வந்தது. மூன்று வீடுகளிலும் பெண்கள் மகப்பேற்று வேதனையில் துடித்தனர். ஆண் மருத்துவர் அவர்களைத் தொட வழக்கம் இடந்தரவில்லை. ஐடாவோ மருத்துவம் கற்றவரல்லர். பொழுது விடிவதற்குள் மூவரும் மாண்டனர். மருத்துவத் திறன் அந்த ஊரிலேயே இருந்தது. பெண்ணுக்கு மட்டும் அது எட்டவில்லை. அவ்விரவு ஐடாவின் வாழ்வைத் திருப்பியது. அவர் அமெரிக்கா சென்று 1899இல் மருத்துவப் பட்டம் பெற்றுத் திரும்பினார். 1918இல் வேலூரில் பெண்களுக்கென மருத்துவப் பள்ளி தொடங்கியபோது, விண்ணப்பிக்க ஆறு பேராவது கிடைப்பார்களா என்று ஐயுற்றோர் உண்டு. வந்த விண்ணப்பங்களோ 151! கற்கும் வேட்கை முன்பே இருந்தது. வாயில்தான் அடைத்துக் கிடந்தது. பெண்களுக்கென எழுந்த அவ்வளாகம் 1947இல் ஆண்களையும் சேர்த்துக்கொண்டது.

நம் திருச்சபையிலும் இத்தகைய வாயில் ஒன்று இருந்தது. கன்னியர் மகப்பேற்று மருத்துவம் செய்யத் திருச்சபைச் சட்டம் நெடுங்காலம் இடந்தரவில்லை. மருத்துவர் ஆக்னஸ் மெக்லாரன் தம் முதுமையிலும் உரோமைக்கு மன்றாடினார். அவர் வழிவந்த அன்னா டெங்கல் 1925இல் மருத்துவக் கன்னியர் சபையை நிறுவினார். 1936இல்தான் உரோமை முழு இசைவு அளித்தது. இன்று நம் மருத்துவமனைகளில் கன்னியரின் கைகளில் பிறக்கும் குழந்தைகளுக்குப் பின்னே இத்தனை ஆண்டுக் காத்திருப்பு உள்ளது.

வாயில் திறந்ததோடு பணி முடிந்துவிடுமா? அண்மையில் ஒரு கல்லூரியின் மகளிர் தின விழாவுக்குச் சென்றிருந்தோம். விழா நடந்தது மாடி அரங்கில். சக்கர நாற்காலியில் வந்த மாணவி ஒருத்தி கீழே மரத்தடியில் அமர்ந்து, ஒலிபெருக்கியின் வழியே விழாவைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "பழகிவிட்டது ஐயா" என்றாள். அவள் குரலில் சினமில்லை. அதுவே நம் நெஞ்சை வருத்தியது.

அம்மாணவி அறிந்திருக்க வேண்டிய பெயர் மேரி வர்கீஸ். வேலூரில் பயின்ற அம்மருத்துவர் 1954இல் ஒரு சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். அவருடைய ஆசிரியர்களும் உடன்பணியாளர்களும் அவரை வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை. அமர்ந்தவாறே தொழுநோயாளரின் கைகளில் அறுவை செய்ய அவருக்குப் பயிற்சியளித்தனர். பின்னர் அயல்நாட்டில் மறுவாழ்வு மருத்துவம் கற்றுவந்து, வேலூரில் அத்துறைக்கே தலைமையேற்றார். 1972இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அவர் மனவுறுதி பெரிது. அவ்வுறுதிக்கு இடமளித்த வளாகமும் போற்றத்தக்கதே.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசு நிறுவனங்களிலும் அரசு உதவிபெறும் நிறுவனங்களிலும் உயர்கல்வி இடங்களில் 5 விழுக்காட்டை அவர்களுக்கு ஒதுக்குகின்றது. ஆயினும் இடம் கிடைத்த மாணவி வகுப்பறையை அடைய வேண்டாமா? சாய்தளம் அமைப்பது, வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றுவது ஆகியவற்றுக்குச் சிறிது பொருளும் மனமும் போதும். கரும்பலகையில் எழுதுவதை வாய்விட்டுச் சொல்லவும், செவித்திறன் குறைந்தவரின் முகம் பார்த்துப் பேசவும் ஆசிரியருக்குப் பயிற்சி வேண்டும். அலுவலகப் பணியாளருக்கும் காவலாளிக்கும்கூட அது வேண்டும்.

வரும் ஆண்டு விழாவில் மாணவியரிடம் ஒரு பணியை ஒப்படைக்கலாம். தம் கல்லூரியில் முதலில் பயின்ற பெண்களின் கதைகளை மூத்தோரிடம் கேட்டு எழுதட்டும். அதன்பின் இன்னும் உள்ளே வர இயலாதோர் யாவர் என்று தம் வளாகத்தைச் சுற்றிப் பார்க்கட்டும். முன்னோர் திறந்த வாயில் வழியே வந்த நாம், பின்வருவோர்க்குப் படிகளைத் தாழ்த்திட முனைவோமாக.