கண்ணாடி இல்லாத கேமரா

வெம்பக்கோட்டையில் ஸ்டூடியோ வைத்திருக்கும் என் நண்பர் மிரர்லெஸ் கேமராவுக்கு மாறிவிட்டார். பாடியும் ஒரு லென்ஸும் வாங்குவதற்கு மனைவியின் வளையல்கள் பாங்க்குக்குப் போயின. "என்னங்க, இருந்த கேமரா நல்லாத்தான இருந்துச்சு?" என்று அந்த அம்மாள் கேட்டது நியாயமான கேள்வி.

பழைய டி.எஸ்.எல்.ஆரில் லென்ஸுக்குப் பின்னால் சாய்வாக ஒரு குட்டிக் கண்ணாடி உண்டு. வெளிச்சத்தை மேலே திருப்பி நம் கண்ணுக்கு அனுப்பும். பட்டனை அமுக்கினால் 'சடக்' என்று எகிறும். அந்தக் கணம் நமக்கு இருட்டு. அதாவது, படம் பதிகிற அதே நொடியில் எடுக்கிறவர் மட்டும் எதையும் பார்ப்பதில்லை! மிரர்லெஸ்ஸில் கண்ணாடி கிடையாது. சென்சாரில் விழுவதையே ஒரு சின்னத் திரையில் பார்க்கிறோம். 2008-ல் பானசோனிக் ஆரம்பித்த கதை. 2018-ல் நிக்கானும் கேனனும் ஃபுல் ஃப்ரேமோடு இதில் இறங்கின. 2020-க்குப் பிறகு இருவரும் புது டி.எஸ்.எல்.ஆர் எதுவும் விடவில்லை.

நண்பருடையது கேனன். பழசில் லென்ஸ் வளையத்துக்கும் சென்சாருக்கும் நடுவே 44 மில்லிமீட்டர், புதுசில் 20. பழைய லென்ஸை மாட்ட, மீதி 24 மில்லிமீட்டருக்கு ஒரு அடாப்டர் விற்கிறார்கள். உள்ளே கண்ணாடியெல்லாம் ஒன்றும் இல்லை, மின்சாரத் தொடர்புக்கு நாலு கம்பி, பாக்கி காற்று. காசு கொடுத்துக் காற்று வாங்குவது என்பது இதுதான்.

தொல்லைகளும் உண்டு. பாட்டரி சீக்கிரம் தீர்கிறது. சத்தமில்லாத ஷட்டரைப் போட்டால் மண்டபத்து எல்.ஈ.டி. வெளிச்சத்தில் படத்தில் வரி வரியாக விழுகிறது. ஆடிக் காற்றில் கரிசல் புழுதி பறக்கும்போது லென்ஸைக் கழற்றவே பயமாயிருக்கிறது என்கிறார்.

"வாணவேடிக்கை எடுக்கவா மாத்துனீங்க?" என்று கேட்டேன். சிரித்தார். அதற்கு ஒரு ஸ்டாண்டு, ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 11, இரண்டு மூன்று செகண்டு திறந்த ஷட்டர் போதும். பதினைந்து வருஷத்துக் கேமராவே ஜோராக எடுக்கும்.

அவர் சொன்ன காரணம் வேறு. 2021 பிப்ரவரியில் அச்சங்குளம், 2024 பிப்ரவரியில் ராமுதேவன்பட்டி. இரண்டாவதில் மட்டும் 10 பேர் போனார்கள். இந்த வட்டாரத்தில் பட்டாசு ஆபீசில் விபத்து என்றால் மறுநாளே யாராவது ஸ்டூடியோ வாசலில் வந்து நிற்பார்கள். "அண்ணே, தங்கச்சி படம் தனியா ஒண்ணுகூட இல்ல. மூணு வருஷம் முன்னாடி மாமா வீட்டுக் கல்யாணத்துல நின்னுச்சு, பாருங்க." ஹார்டு டிஸ்க்கைத் தேடுவார். இருக்கும். மணமேடை ஓரத்தில், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு. பெரிசு பண்ணினால் முகம் கலங்கலாக இருக்கும். அதைத்தான் மாலை போடச் சட்டம் கட்டிக் கொடுக்கவேண்டும்.

பெரும்பாலான டி.எஸ்.எல்.ஆர்களில் ஃபோகஸ் புள்ளிகள் நடுவில் குவிந்திருக்கும். நடுவில் பெண்ணும் மாப்பிள்ளையும். ஓரத்தில் நிற்கிறவர்களுக்குப் புள்ளி எட்டாது, அவசரத்தில் கேமராவைத் திருப்பிச் சரிசெய்ய நேரமும் இருக்காது. புது கேமராவில் புள்ளி கிட்டத்தட்ட விளிம்புவரை போகிறது. முகத்தைத் தொட்டால் கண்ணைத் தானே பிடித்துக்கொள்கிறது.

இப்போதெல்லாம் தாலி கட்டும் படம் எடுத்த கையோடு ஓரத்து முகங்களுக்கும் ஆளுக்கொன்று எடுத்துவிடுகிறார். பந்தியில் சாம்பார் ஊற்றுகிறவர், செருப்புப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பாட்டி, யாரையும் விடுவதில்லை. ஆல்பத்தில் இவை வராது, காசும் கிடையாது. கம்ப்யூட்டரில் 'மத்தவங்க' என்று தனி ஃபோல்டர். அதில் இரண்டாயிரம் படம் சேர்ந்திருக்கிறது.