எழுதி வைக்காத ஜாவா

நமது உத்தியோகம் யாதென்று உறவினர் கேட்கும்போதெல்லாம் விடை சொல்லச் சற்றே தடுமாறுவதுண்டு. "கம்ப்யூட்டர் வேலை" என்றால் அவர்கள் திருப்தியடைந்து விடுகிறார்கள், நமக்குத்தான் திருப்தியில்லை. உள்ளபடி சொல்லப்போனால், டேட்டாபேஸ் சர்வர்கள் சிலவற்றில் எந்த ரன்டைம் எந்தப் பதிப்பில் இருக்கிறதென்று பார்த்துக் கொள்வதே நமது ஊழியத்தில் பெரும்பகுதி. இதில் என்ன பிரமாதம் என்று வாசகர்கள் கேட்கலாம். 2019-ம் ஆண்டு நவம்பர் மாதக் கடைசி வரையில் நாமும் அப்படித்தான் எண்ணியிருந்தோம்.

புரோகிராம் என்பது தன் காலிலேயே நிற்பதென்று பலர் கருதுகின்றனர். அஃது எப்போதும் உண்மையன்று. ஜாவா பாஷையில் எழுதப்பட்டதற்கு அடியில் ஜாவா ரன்டைம் இருந்து தாங்க வேண்டும். பைதானில் எழுதப்பட்டதற்குப் பைதான் வேண்டும். கசாண்ட்ரா என்னும் டேட்டாபேஸ் ஜாவாவில் எழுதப்பட்டது. அதன் 3.11 பதிப்புக்கு ஜாவா 8 வேண்டும். 2021-ல் வெளிவந்த 4.0 பதிப்பு ஜாவா 11-ஐயும் ஏற்றுக்கொண்டது. 2024-ல் வந்த 5.0 பதிப்போ ஜாவா 8-ஐத் தள்ளிவிட்டு 11-ஐயும் 17-ஐயுமே கேட்கிறது. ஆதலின், மேலே இருப்பதை மாற்றாமல் கீழே இருப்பதை மாற்றினாலும் கேடு. கீழே இருப்பதை மாற்றாமல் மேலே இருப்பதை மாற்றினாலும் கேடு.

நிற்க. அந்நாளில் நாம் வேலை செய்தது சரக்கு லாரிகள் நடத்தும் ஒரு கம்பெனியில். டிரைவர்களுக்குப் படி, நடைக் கணக்கின்படிதான். ஒவ்வொரு நடையும் கசாண்ட்ராவில் பதிவாகும். ஆறு சர்வர்கள், ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பிரதிகள், மூன்று வெவ்வேறு சர்வர்களில். மூன்றில் இரண்டு சர்வர்களாவது பதில் சொன்னால்தான் கணக்கு செல்லும் என்பது நாம் வைத்திருந்த ஏற்பாடு. செக்ரோலை ஒருவரே வைத்திருந்தால் என்ன நேரும் என்பது தோட்டத்தில் பிறந்த நமக்குத் தெரியாததன்று. ஆகவே இந்த ஏற்பாட்டைக் குறித்துச் சற்றுப் பெருமையும் உண்டு.

மாதக் கடைசி நாளில் மின்சாரம் தடைப்பட்டது. பாட்டரியும் கைவிட்டது. மின்சாரம் திரும்பியபின் நான்கு சர்வர்கள் எழுந்தன, இரண்டு எழவில்லை. இதனால் விளைந்த வினோதம் என்னவெனில், எல்லாருடைய கணக்கும் மறைந்து போகவில்லை. எந்தப் பதிவுகளின் மூன்று பிரதிகளில் இரண்டு அவ்விரு சர்வர்களிலும் இருந்தனவோ, அவை மாத்திரமே வரவில்லை. மற்றவை வழக்கம்போல் வந்தன. அன்று மாலை அலுவலக வாசலில் டிரைவர்கள் கூடி நின்றனர். அவர்களில் வயதில் மூத்தவர் ஒருவர் நம்மிடம் வந்து, "ஐயா, அவன் கணக்கு வருகிறது, என் கணக்கு மட்டும் ஏன் வரவில்லை?" என்று கேட்டார். பிரதி, பெரும்பான்மை என்றெல்லாம் அவருக்கு எப்படி விளக்குவது? ஆள் பார்த்துக் கணக்கு எழுதிய காலத்தை அவர் தகப்பனார் சொல்லக் கேட்டவர். அவர் சந்தேகித்ததில் தவறில்லை.

உள்ளே நிலைமை இன்னும் மோசம். சர்வர்களை அன்று கவனித்துக் கொண்டிருந்தவர், வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதமேயான ஓர் இளைஞர். அவர்தான் ஏதோ கெடுத்துவிட்டாரென்று மேலதிகாரி முடிவு கட்டி, மறுநாள் காலைக்குள் எழுத்து மூலம் விளக்கம் கேட்டிருந்தார். நாமும் அதை மறுத்துப் பேசவில்லை. டிஸ்க் பழுதென்றே ஐந்து மணி நேரம் தேடினோம். டேட்டாபேஸின் குறிப்புப் புத்தகத்தில் கடைசி வரி மின்சாரம் போன நேரத்ததாகவே இருந்தது, அதற்குப்பின் ஒன்றுமில்லை.

விடிவதற்குச் சற்றுமுன், அவ்விளைஞரே ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் குறிப்புகளைப் புரட்டிப் பார்த்து, ஒரு வரியைக் காட்டினார். திரெட்களின் முன்னுரிமைக்குக் கொடுக்கப்பட்ட 42 என்னும் எண், 0 முதல் 1 வரையுள்ள எல்லைக்கு வெளியே இருக்கிறதாம். ஜாவா 8 அந்த 42-ஐப் பொறுத்துக் கொள்ளும். ஜாவா 11 பொறுக்காது. டேட்டாபேஸ் தன் குறிப்பில் முதல் எழுத்தை எழுதுமுன்னரே ஜாவா மடிந்து போயிருந்தது. "இந்த இரண்டிலும் ஜாவா 11 எப்படி வந்தது, சார்?" என்று அவர் கேட்டார்.

நமக்குத் தெரியும். நான்கு மாதங்களுக்கு முன், சர்வர்களின் நலத்தைக் கண்காணிக்கும் கருவியொன்றைச் சோதித்துப் பார்க்க, அவ்விரண்டில் மாத்திரம் ஜாவா 11-ஐ வைத்தவர் நாமே. பழைய 8-ஐ நீக்கவில்லை. ஆகையால் அபாயமில்லையென்று கருதினோம். ஆனால், இரண்டு ஜாவா இருந்தால் புதியதற்கே முதலிடம் தந்து, "ஜாவா" என்று பொதுவாக அழைக்கும்போது அதையே அனுப்புவது அந்த ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் வழக்கம். முன்பே ஓடிக்கொண்டிருந்த டேட்டாபேஸ் பழைய ஜாவாவை நினைவில் ஏற்றிக்கொண்டு ஓடியதால், நான்கு மாதமும் ஒரு குறையும் தென்படவில்லை. பெரட்டுக்கு அழைத்தாலன்றோ ஆள் இல்லையென்பது தெரியும்! நாம் ஒருமுறையேனும் அவற்றை நிறுத்தி எழுப்பிப் பார்த்தோமில்லை. வைத்ததை எழுதியும் வைக்கவில்லை.

ஜாவா 8 இருக்கும் இடத்தை டேட்டாபேஸுக்குப் பெயர் குறித்துக் காட்டினோம். இரண்டு சர்வர்களும் எழ இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. மேலதிகாரிக்குக் கடிதம் எழுதியவர் அவ்விளைஞரல்லர், நாமே. கடிதத்தை எழுதுவதற்குச் சிறிது நேரம் தயங்கினோம் என்பதையும் இங்கே மறைக்க விரும்பவில்லை. அவர் அதைப் படித்துவிட்டு நம்மை ஒன்றும் சொல்லவில்லை. இளைஞரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. மன்னிப்பாவது கேட்டிருக்கலாம் என்பது நமது அபிப்பிராயம். டிரைவர்களுக்குப் படி மறுநாள் பகல் கிடைத்தது.

அதன்பின் ஆறு சர்வர்களுக்கும் ஒரு பதிவேடு ஏற்பட்டது. எதில் எந்த ஜாவா, எந்தப் பைதான், யார் வைத்தது, எதற்காக என்று எழுதலானோம். பைதானையும் சேர்த்ததற்குக் காரணமுண்டு: 3.11-ன் கேள்விக் கருவி பைதான் 2.7-ல் ஓடுவது, அந்தப் பைதானுக்கோ 2020 ஜனவரி முதல் தேதியோடு ஆதரவு நின்றுவிட்டது. ஜாவாவிலும் எவருடைய ஜாவா என்பதை எழுதினோம். ஆரக்கிள் கம்பெனி 2023 ஜனவரி முதல் தன் ஜாவாவின் புதிய சந்தாவுக்குத் தலையெண்ணிப் பணம் கேட்கிறது. கம்ப்யூட்டரைத் தொட்டே அறியாத தோட்டியும் காவற்காரரும் அத்தலைக்கணக்கில் சேர்த்தி! நாம் இலவசமான ஓப்பன் ஜேடிகேயையே வைத்துக்கொண்டோம்.

மாதமொருமுறை, ஞாயிற்றுக்கிழமைகளில், ஒவ்வொரு சர்வராக நிறுத்தி எழுப்புவது வழக்கமாயிற்று. ஒன்று எழுந்து மற்றவற்றோடு சேர்ந்த பின்னரே அடுத்ததைத் தொடுவது. அதைச் செய்தவர் அந்த இளைஞரே. ஒரு ஞாயிறன்று அவர் போன் செய்து, "சார், மூன்றாவது சர்வரில் பதிவேட்டில் இல்லாத ஒரு பைதான் இருக்கிறது" என்றார். நாமல்லவென்று சொல்ல வாயெடுத்தோம். ஆயினும் முதலில் பதிவேட்டைப் புரட்டி ஒருமுறை பார்த்துக் கொண்டோம்.